போடாக்ஸ், டிஸ்போர்ட், ஸியோமின், மயோபிளாக்: நரம்பு நோய்க்கு எந்த ஊசி எதற்கு?

இந்த நான்கும் போட்டுலினம் என்ற புரதத்திலிருந்து செய்த, தசையை இளக்கும் ஊசி மருந்துகள்; முதல் மூன்றும் ஏ வகை, மயோபிளாக் பி வகை. "எது பெஸ்ட்?" என்ற கேள்விக்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இமை இழுப்பு, கழுத்துக் கோணல், பக்கவாதத்துக்குப் பிறகு இறுகிப்போன கை ஆகிய மூன்றுக்கும் ஏ வகை மருந்துகளில் எந்தக் குப்பி கிடைத்தாலும், சரியான தசையில் சரியான அளவில் போட்டால், கேட்கும். நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்குப் போடாக்ஸ் ஒன்றுக்குத்தான் பெரிய ஆய்வுகளின் பின்பலம் உண்டு. எச்சில் வடிதலுக்கு ஸியோமினும் மயோபிளாக்கும் முன்னால் நிற்கின்றன. இதற்கு மேல் பிராண்டைப் பற்றி வாதாடுவதைவிட, ஊசி போடுபவர் தசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார், போட்ட பிறகு பிசியோதெரபிக்கு என்ன ஏற்பாடு என்று விசாரிப்பதில்தான் நோயாளிக்கு லாபம். ஊசி பலிக்காமல் போகிற பெரும்பாலான நேரங்களில் காரணம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கிறது.

இந்த மருந்து நோயைக் குணப்படுத்தாது. மூளையிலிருந்து வரும் தவறான கட்டளை அப்படியே இருக்கும். அது தசையில் போய்ச் சேரும் கடைசி இடம் மட்டும் அடைபடும். நரம்பு முனை அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தை வெளியே விட்டால்தான் தசை சுருங்கும். போட்டுலினம் புரதத்தின் பெரிய துண்டு நரம்பு முனையைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைய வழி செய்கிறது. சின்னத் துண்டு உள்ளே போய், அசிட்டைல்கோலின் பைகளை வெளியே தள்ளும் புரதத்தை வெட்டிவிடுகிறது. ஏ வகை வெட்டுவது ஸ்னாப்-25 என்ற புரதத்தை. பி வகை வெட்டுவது சினாப்டோபிரெவின் என்ற இன்னொரு புரதத்தை. முடங்கிய முனை முதலில் பக்கத்தில் புதுக் கிளைகள் விடும், பிறகு தானும் தேறிவிடும். அதனால்தான் பலன் சுமார் 3 மாதத்தில் கரைகிறது. பக்கவிளைவும் அதேபோல் கரைந்துவிடும் என்பது இந்த மருந்தின் பெரிய ஆறுதல்.

அழகு நிலையத்து ஊசி ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறைய. நடந்தது நேர்மாறு. சான்ஃபிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணுக்கு அறுவை இல்லாத வழி தேடி, குரங்குகளில் செய்த சோதனைகளின் முடிவை 1973இல் வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, 'ஆக்குலினம்' என்ற பெயரில் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அனுமதி தந்தது. அலர்கன் நிறுவனம் அதை வாங்கிய பிறகு வந்த பெயர்தான் போடாக்ஸ். முகச் சுருக்கத்துக்கான அனுமதி 2002இல்தான் வந்தது. அதற்குள் கழுத்துக் கோணலுக்கே அனுமதி கிடைத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

குப்பிக்குள் என்ன இருக்கிறது

போடாக்ஸ் 50, 100, 200 யூனிட் குப்பிகளில் வருகிறது. கையில் வாங்கிப் பார்த்தால் காலிக் குப்பி என்றே தோன்றும். அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய வெண்படலம்தான் மருந்து. 100 யூனிட் குப்பியில் அரை மில்லிகிராம் அல்புமினும் (மனித இரத்தப் புரதம்) கொஞ்சம் உப்பும் இருக்கும். 1990களின் இறுதி வரை 79-11 என்ற பழைய மூலத் தயாரிப்பிலிருந்து எடுத்த மருந்து புழக்கத்தில் இருந்தது. அதில் 100 யூனிட்டுக்கு 25 நானோகிராம் புரதம். இப்போதைய தயாரிப்பில் 5 நானோகிராம். உடம்பு மருந்தை எதிர்க்கும் எதிர்ப்பொருள் உருவாவது அதற்குப் பிறகு வெகுவாகக் குறைந்தது. 'போடாக்ஸ் பழகிவிடும்' என்ற பயத்தில் பாதி அந்தப் பழைய காலத்து மிச்சம்.

டிஸ்போர்ட் 300, 500 யூனிட் குப்பிகளில் வரும். இதில் லாக்டோஸ் சேர்க்கிறார்கள். அதன் வழியாக மாட்டுப்பால் புரதம் நூலிழை அளவு வரலாம் என்பதால், பால் புரத அலர்ஜி உள்ளவர்களுக்கு இது கூடவே கூடாது. பால் குடித்தால் வயிறு உப்பும் என்பது வேறு பிரச்சினை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்கு ஊசி போடும்போது இந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டார்களா என்று பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஸியோமினில் கூடுதல் புரத உறை எதுவும் கிடையாது; 150 கிலோடால்டன் எடையுள்ள மருந்துப் புரதம் மட்டும். அதனால் எதிர்ப்பொருள் வாய்ப்பு இன்னும் குறைவு என்று நிறுவனம் சொல்கிறது, கொள்கையளவில் நியாயமான வாதம். யூனிட் கணக்கில் இது போடாக்ஸோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. திறக்காத குப்பியை அறை வெப்பத்திலும் வைக்கலாம் என்பது இதன் தனி வசதி. ஆனால் அந்த 'அறை வெப்பம்' 25 டிகிரி வரைதான். மே மாதத்தில் வேலூரிலோ மதுரையிலோ ஏசி இல்லாத மருந்துக்கடை அலமாரி எந்தக் கணக்கிலும் அந்த அறை ஆகாது. ஸியோமினாக இருந்தாலும் ஃப்ரிட்ஜில் வைத்த குப்பியையே கேட்டு வாங்குங்கள்.

மயோபிளாக் மட்டும் பி வகை. பொடியாக இல்லாமல், மில்லிக்கு 5,000 யூனிட் கொண்ட திரவமாகவே வருகிறது. அமிலத் தன்மை உள்ளதால் போடும்போது எரிச்சல் அதிகம். உமிழ்நீர்ச் சுரப்பியையும் குடலையும் கூடுதலாகப் பாதிப்பதால், கழுத்துக்குப் போட்டாலும் வாய் உலர்ந்துபோவது சகஜம். ஏ வகைக்கு உடம்பு எதிர்ப்புக் காட்டத் தொடங்கியவர்களுக்கு இது மாற்று வழி. முதல் தேர்வாக இதை எடுக்க எச்சில் வடிதலைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இவை தவிர, கொரியாவின் மெடிடாக்ஸ் தயாரிக்கும் நியூரோனாக்ஸ் போன்ற ஏ வகை மருந்துகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. அமெரிக்காவில் டாக்ஸிஃபை என்ற புது மருந்து 2023 ஆகஸ்டில் கழுத்துக் கோணலுக்கு அனுமதி பெற்றது. அல்புமின் இல்லாத தயாரிப்பு, பலன் கூடுதல் வாரங்கள் நீள்கிறது என்பது அதன் விற்பனைப் பேச்சு. நீளும் பலனோடு பக்கவிளைவும் நீளுமா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

யூனிட் கணக்கில் நடக்கும் குழப்பம்

இந்த மருந்துகளின் யூனிட், எலிகளில் அளந்து வரையறுத்த வீரியத்தின் அளவு. அளக்கும் முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஆகவே டிஸ்போர்ட் 500 யூனிட் என்பது போடாக்ஸ் 500 யூனிட் ஆகாது. நடைமுறையில் ஒரு போடாக்ஸ் யூனிட்டுக்கு இரண்டரை முதல் மூன்று டிஸ்போர்ட் யூனிட் என்று பலர் தோராயமாகக் கணக்கிடுகிறார்கள். ஆனால் எந்த நிறுவனமும், எந்த அரசு அமைப்பும் அப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதித் தரவில்லை. இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே எஃப்டிஏ 2009 முதல் ஒவ்வொன்றுக்கும் தனி மருந்துப் பெயர் வைத்தது: ஓனா, அபோ, இன்கோ, ரிமா என்று முன்னொட்டு மாறும்.

இதிலிருந்து நோயாளி எடுத்துக்கொள்ள வேண்டியது எளிமையானது. சீட்டில் 'போட்டுலினம் 200 யூனிட்' என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழுமையான சீட்டு இல்லை. பிராண்ட் பெயரும், எந்தத் தசைக்கு எத்தனை யூனிட் என்பதும் இருக்க வேண்டும். ஊர் மாறி வேறு டாக்டரிடம் போகும்போது இந்தத் தாள் இல்லையென்றால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். விலையை ஒப்பிடும்போதும் 'யூனிட்டுக்கு எவ்வளவு' என்று கேட்டால் டிஸ்போர்ட் கொள்ளை மலிவாகத் தெரியும். 'இந்தக் கைக்கு முழு ஊசிக்கும் எவ்வளவு' என்று கேட்டால்தான் உண்மையான விலை தெரியும்.

கலக்கும் மேஜையில்

ஊசி பலிக்குமா என்பது கலக்கும் இடத்திலேயே பாதி தீர்மானமாகிவிடுகிறது. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத 0.9 சதவீத சலைன்தான் பயன்படுத்த வேண்டும். ரப்பர் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்தால், அது முழுக்கக் காய்ந்த பிறகே ஊசி உள்ளே போக வேண்டும். ஈர ஸ்பிரிட் உள்ளே போனால் புரதம் கெட்டுவிடும். ஊசியைச் செருகியதும் பாருங்கள்: நல்ல குப்பியில் வெற்றிடம் இருக்கும், பிஸ்டனை அழுத்தாமலே சலைன் தானாக உள்ளே இழுபடும். இழுபடவில்லையென்றால் அந்தக் குப்பியைத் தூக்கி எறிய வேண்டியதுதான். அதன் பிறகு குலுக்கக் கூடாது. நுரை வரும்படி ஆட்டினால் வீரியம் குறையும் என்பதால் மெதுவாக உருட்டிக் கலப்பார்கள். ஸியோமினில் பொடி மூடியின் அடியிலும் ஒட்டியிருக்கும். குப்பியைத் தலைகீழாகத் திருப்பிக் கலக்காவிட்டால் அந்தப் பங்கு வீணாகும்.

போடாக்ஸ் 100 யூனிட் குப்பியில் 1 மில்லி சலைன் விட்டால் 0.1 மில்லியில் 10 யூனிட், 2 மில்லி விட்டால் 5 யூனிட், 4 மில்லி விட்டால் 2.5 யூனிட், 8 மில்லி விட்டால் 1.25 யூனிட். தண்ணீர் கூடினால் மருந்து கொஞ்சம் அதிகம் பரவும். இமைக்கும் கழுத்துக்கும் பரவல் ஆபத்து. தொடை, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைக்கு அது சில நேரம் உதவி. கலந்த மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது லேபிளில் உள்ள வரம்பு. 'போன வாரம் திறந்ததில் மிச்சம் இருக்கிறது, குறைந்த விலைக்குப் போடுகிறோம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இமை இழுப்பும் ஒரு பக்க முகத் துடிப்பும்

இந்த மருந்து தன் திறமையை முழுதாகக் காட்டுகிற இடம் இது. கண்ணைத் திறக்க முடியாமல் சாலையைக் கடக்கப் பயப்படும் ஒருவருக்கு, ஒரு கண்ணுக்கு மூன்று இடங்களில், இடத்துக்கு 1.25 முதல் 2.5 யூனிட் போடாக்ஸில் தொடங்கினால் போதும். 3 நாளில் இளக்கம் தெரியும், ஓரிரு வாரத்தில் உச்சம்.

இடம் முக்கியம். மேல் இமையில் உள் ஓரமும் வெளி ஓரமும், கீழ் இமையில் வெளி ஓரம். மேல் இமையின் நடுவில் போட்டால் இமையைத் தூக்கும் தசையில் மருந்து இறங்கி, கண் பாதி மூடியபடி வாரக்கணக்கில் தொங்கும். கீழ் இமையின் உள் பக்கம் போட்டால் பார்வை இரண்டாகத் தெரியலாம். போட்டவுடன் ஐஸ் வைத்து அழுத்தினால் இரத்தக் கட்டு குறையும். கண் சிமிட்டுவது குறைவதால் விழி உலர்ந்து கருவிழி புண்ணாகும் ஆபத்தும் இருக்கிறது. உறுத்தலும் சிவப்பும் வந்தால் சொட்டு மருந்துக்குக் காத்திருக்காமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

ஒரு பக்க முகத் துடிப்பு பெரும்பாலும் மூளைத் தண்டுக்கு அருகில் முக நரம்பின் மேல் இரத்தக் குழாய் உரசுவதால் வருவது. ஊசிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் முதல் ஊசிக்கு முன்பே எம்ஆர்ஐ எடுத்திருக்க வேண்டும். இளவயதில், அறுவைக்குத் தகுதியான உடம்பு உள்ளவர்களுக்கு அந்தக் குழாயை விலக்கிவைக்கும் அறுவையும் உண்டு என்பதைச் சொல்லாமல் வருடக்கணக்கில் ஊசியே போட்டுக்கொண்டிருப்பது நேர்மையான சிகிச்சை இல்லை. வாய் ஓரத்துத் தசைகளில் தாராளமாகப் போட்டால் சிரிப்பு கோணும், தண்ணீர் ஒழுகும். கண்ணைச் சுற்றிப் போட்டாலே பலருக்குக் கன்னத் துடிப்பும் அடங்கிவிடுகிறது.

கழுத்துக் கோணல்

இங்கே டாக்டரின் கண்தான் கருவி. தலை வலப்பக்கம் திரும்பி இழுத்தால் குற்றவாளிகள் இரண்டு: பின்கழுத்தில் வலப்பக்க ஸ்ப்ளீனியஸ், முன்கழுத்தில் இடப்பக்க ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட். தோள் மேலே ஏறினால் தோளைத் தூக்கும் தசைகளான லெவேட்டர் ஸ்காபுலேவும் ட்ரபீசியஸும் சேரும். நோயாளியை உட்கார வைத்து, நிற்க வைத்து, நடக்கவிட்டு, கண்ணை மூடித் தலையைத் தானாகப் போகவிடச் சொல்லிப் பார்க்காமல் ஊசி எடுப்பவரிடம் நம்பிக்கை வைக்க முடியாது. தாடையை விரலால் லேசாகத் தொட்டாலே கழுத்து நேராகிவிடும் நோயாளிகள் உண்டு. அந்தத் தந்திரத்தை டாக்டரிடம் செய்து காட்டுங்கள், பரிசோதனையின்போது மட்டும் கையை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உண்மையான இழுப்பு அவர் கண்ணில் படாது.

அளவு: போடாக்ஸில் ஆய்வில் கொடுத்த சராசரி 236 யூனிட். டிஸ்போர்ட் 500, ஸியோமின் 120, மயோபிளாக் 2,500 முதல் 5,000 என்பவை தொடக்க அளவுகள். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2016 வழிகாட்டியில் நான்குக்குமே கழுத்துக்கு நல்ல தரச் சான்று உண்டு. டிஸ்போர்ட்டும் மயோபிளாக்கும் முதல் தரம், போடாக்ஸும் ஸியோமினும் அடுத்த தரம். அந்த வித்தியாசம் ஆய்வுகளின் எண்ணிக்கையையும் வடிவமைப்பையும் பொறுத்தது. மருந்தின் பலம் அதில் தெரியாது.

தவறிப்போவது விழுங்குவதில். முன்கழுத்துத் தசைக்கு அடியில்தான் தொண்டை. போடாக்ஸ் லேபிளில் கழுத்துக் கோணல் நோயாளிகளில் 19 சதவீதம் பேருக்கு விழுங்கும் சிரமம் என்று பதிவாகியிருக்கிறது. இரு பக்க ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்டுக்கும் சேர்த்து 100 யூனிட்டைத் தாண்டாமல் இருந்தால் இது குறையும். மெலிந்த கழுத்துள்ளவர்களுக்கு இன்னும் குறைவாகத் தொடங்க வேண்டும். ஊசிக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரம் சாதத்தைக் குழைத்து, சின்னக் கவளமாக, நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சொல்வது நல்லது. தண்ணீருக்கே புரையேறினால் உடனே போன் செய்ய வேண்டும். தலை முன்பக்கம் கவிழும் வகைக்கு இந்த ஊசி சுமாராகத்தான் உதவும். பலனை எதிர்பார்த்து இரண்டு பக்கமும் அளவை ஏற்றினால் சாப்பாடு போய்விடும்.

பக்கவாதத்துக்குப் பிறகு இறுகிய கை, கால்

இதில்தான் மருந்தும் பணமும் அதிகம் வீணாகின்றன. காரணம், இறுக்கத்திலும் இரண்டு வகை. வேகமாக நீட்டினால் எதிர்க்கும், மெதுவாக நீட்டினால் இளகும் என்றால் அது நரம்புக் கட்டளையால் வரும் இறுக்கம், ஊசிக்குக் கேட்கும். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரு கட்டத்துக்கு மேல் போகவில்லை என்றால் தசையே குறுகிவிட்டது. அதற்கு எத்தனை யூனிட் போட்டாலும் நீளாது. பல வருடம் மடங்கியே கிடந்த விரல்களில் முழுப் பலனை வாக்குக் கொடுப்பவரை நம்ப வேண்டாம்.

அடுத்த கேள்வி, ஊசி போட்டு எதைச் சாதிக்கப் போகிறோம் என்பது. 'கை சரியாக வேண்டும்' என்பது இலக்கு ஆகாது. உள்ளங்கையைத் திறந்து கழுவ வேண்டும், நகம் உள்ளே குத்திப் புண்ணாவது நிற்க வேண்டும், சட்டைக் கையில் முழங்கை நுழைய வேண்டும், செருப்புப் போட்டால் குதிகால் தரையில் பட வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள். இவற்றில் மருந்து நன்றாக உதவுகிறது. செயலிழந்த விரல்கள் மறுபடி பட்டன் போடுவதற்கு இந்த ஊசி வழி செய்யாது. குடும்பத்தார் ஏமாறுவதும் இங்கேதான்.

போடாக்ஸில் முழங்கை மடங்குவதற்கு பைசெப்ஸுக்கு 60 முதல் 200 யூனிட், இரண்டு முதல் நான்கு இடமாகப் பிரித்து. மணிக்கட்டை மடக்கும் இரண்டு தசைகளுக்கு ஒவ்வொன்றிலும் 12.5 முதல் 50. விரல்களை மடக்கும் இரண்டு தசைகளுக்கு 30 முதல் 50. விரலின் நடு மூட்டு மடங்கியிருந்தால் மேல்தள மடக்கி, நுனி மூட்டும் சேர்ந்து மடங்கியிருந்தால் ஆழத்துத் தசையும் சேர்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் முன்கையில் பொதுவாக ஊசி போட்டால் விரல் திறக்காது. காலுக்கு 300 முதல் 400 யூனிட். கெண்டைக்கால் தசையின் இரு தலைகள், அதன் அடியிலுள்ள சோலியஸ், உள்பக்கம் திருப்பும் டிபியாலிஸ் போஸ்டீரியர் தலா 75 வரை, கால்விரல் மடக்கிகள் தலா 50 வரை. பெரியவர்களுக்கு 3 மாதத்தில் மொத்தம் 400 யூனிட் போடாக்ஸ் என்பது லேபிளின் உச்சவரம்பு. கை கால் இரண்டும் இறுகியிருப்பவருக்கு எதற்கு முதலில் செலவிடுவது என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

முன்கைத் தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. தொட்டுப் பார்த்து ஊகிப்பது போதாது. அல்ட்ராசவுண்டோ, ஊசி முனை வழியாக மின்தூண்டலோ, தசையின் மின்செயலைக் காட்டும் இஎம்ஜியோ வேண்டும். தூண்டல் ஊசியின் உடல் முழுக்க மின்காப்புப் பூசி, முனை மட்டும் திறந்திருக்கும். சின்ன மின்சாரம் விட்டதும் நடு விரல் மட்டும் சுண்டினால் சரியான நார்க்கட்டில் இருக்கிறோம் என்று அங்கேயே தெரிந்துவிடும். பிராண்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை இந்த வசதி உள்ள மையத்துக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

ஊசி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் காத்திருந்தால் பாதிப் பலன்தான். இளகும் 3 மாதமும் தசையை நீட்டிப் பழக்க வேண்டும்: தினசரி நீட்டல், இரவில் மூட்டை நிமிர்த்திப் பிடிக்கும் ஸ்பிளின்ட், இயன்றவர்களுக்கு கையைப் பயன்படுத்தும் பயிற்சி. பிசியோ தேதியை முடிவு செய்த பிறகே ஊசித் தேதியைக் குறியுங்கள். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சிலர் காலின் இறுக்கத்தையே ஊன்றுகோலாக வைத்து எழுந்து நிற்பார்கள். அதை இளக்கினால் முழங்கால் மடங்கி விழுவார்கள். நடையைப் பார்க்காமல் படுக்க வைத்தே அளவு முடிவு செய்தால் இது நடக்கும்.

பெருமூளை வாதம் உள்ள குழந்தைகள் நுனிக்காலில் நடப்பதற்கும் இதே மருந்துதான். காலுக்கு எடைக்கேற்ப கிலோவுக்கு 4 முதல் 8 யூனிட் போடாக்ஸ், மொத்தம் 300க்கு மேல் போகக் கூடாது. கையும் சேர்ந்தால் கிலோவுக்கு 10 அல்லது 340, இதில் எது குறைவோ அது. மாவுக்கட்டுப் போட்டுக் கட்டம் கட்டமாகப் பாதத்தை மேலே கொண்டுவருவதும், காலணிக்குள் ஸ்பிளின்டும் சேர்ந்தால் பலன் நிலைக்கும். விழுங்கும் சிரமம், மூச்சுத் தொந்தரவு உள்ள குழந்தைகளில் மருந்து தூரத்துக்குப் பரவிய கடுமையான நிகழ்வுகள் பதிவானதால்தான் எஃப்டிஏ 2009இல் அப்போதிருந்த எல்லா பிராண்டுக்கும் கறுப்புக் கட்ட எச்சரிக்கை (லேபிளில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை) போட்டது. அப்படிப்பட்ட குழந்தைக்கு இந்த ஊசி சின்ன கிளினிக்கில் போடும் விஷயம் இல்லை.

நாள்பட்ட ஒற்றைத் தலைவலி

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரமோ கூடுதலோ நீடிப்பவர்களுக்குத்தான் இது. மாதம் நாலைந்து நாள் வலிப்பவர்களுக்கு இதனால் பலன் நிரூபணமாகவில்லை. 2010 அக்டோபரில் போடாக்ஸுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

முறை கறாரானது. 0.1 மில்லியில் 5 யூனிட் வருமாறு கலந்து, 30 கேஜ் மெல்லிய ஊசியால் 31 இடங்களில் மொத்தம் 155 யூனிட். புருவ நடுத் தசைகளில் மூன்று குத்து, நெற்றியில் நான்கு, இரு பொட்டுகளிலும் சேர்த்து எட்டு, பின்தலையில் ஆறு, மேல்கழுத்தில் நான்கு, தோள் தசையில் ஆறு. வலி ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் 195 யூனிட் வரை போகலாம். 12 வாரத்துக்கு ஒருமுறை. 'நெற்றியில் பத்து குத்து போதும், குறைந்த செலவில் முடித்துவிடலாம்' என்பது இந்தச் சிகிச்சை ஆகாது. புருவ ஓரத்தில் ஊசி தாழ்ந்தால் இமையோ புருவமோ தொங்கும். கழுத்தில் ஊசி தாழ்ந்தால் கழுத்தே கனத்து வலிக்கும். லேபிள் கணக்கில் கழுத்து வலி 9 சதவீதம் பேருக்கு, இமை தொங்கல் 4 சதவீதம் பேருக்கு.

பலனை உள்ளபடி சொல்ல வேண்டும். இரண்டு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 24ஆம் வாரத்தில் மாதத் தலைவலி நாட்கள் போடாக்ஸில் 8.4 குறைந்தன, வெறும் சலைன் ஊசியில் 6.6 குறைந்தன. இடைவெளி சின்னதுதான். ஆனாலும் மாத்திரைகளால் உடல் எடை கூடியோ, மந்தமாகியோ, அவற்றைத் தொடர முடியாமல் போனவர்களுக்கு இது உண்மையான வழி. பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டிகள் வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் வகுத்த விதி நடைமுறைக்கு உகந்தது: மூன்று தடுப்பு மருந்துகளாவது பலிக்காமல் போன பிறகு தொடங்குவது, இரண்டு சுற்று முடிந்தும் தலைவலி நாட்கள் 30 சதவீதமாவது குறையாவிட்டால் நிறுத்துவது. அதற்குத் தலைவலி டைரி வேண்டும். டைரி கேட்காமல் மூன்றாவது சுற்றுக்குப் பணம் கட்டச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

மற்றவை

பார்க்கின்சன் நோயில் எச்சில் வடிவதற்கு ஸியோமின் 100 யூனிட்: காதுக்கு முன்னுள்ள சுரப்பிகளில் பக்கத்துக்கு 30, தாடைக்குக் கீழ் பக்கத்துக்கு 20, 16 வாரத்துக்குக் குறையாத இடைவெளி. சட்டை நனைவது நின்று, வெளியே போக மனம் வரும். குறைந்த மருந்தில் நிறைந்த பலன் தரும் உபயோகம் இது. தண்டுவடக் காயத்தாலோ மல்டிபிள் ஸ்கிளிரோசிஸாலோ கட்டுப்பாடிழந்த சிறுநீர்ப்பைக்கு போடாக்ஸ் 200 யூனிட்டை 30 மில்லியாக்கி, சிறுநீர்ப் பாதை வழியாக உள்ளே பார்க்கும் சிஸ்டோஸ்கோப் குழாய் மூலம் 30 இடங்களில் போடுவார்கள். அதன் பிறகு சிறுநீர் தேங்கலாம். சிறுநீரை வடிக்கும் கேத்தீட்டர் குழாயைத் தானே போட்டுக்கொள்ளத் தயாரில்லாதவர் இதற்குச் சம்மதிக்கக் கூடாது. எழுதும்போது மட்டும் விரல் இழுக்கும் நோய்க்கு மிகச் சிறிய அளவே போதும், ஆனால் இழுப்பு போய் விரல் சோர்ந்துவிட்டால் எழுத்து அப்போதும் வராது. ஓரிரு சுற்றுப் பொறுமை இருப்பவர்கள் முயலலாம்.

பலிக்கவில்லை என்றால்

முதலில் தேதியைப் பாருங்கள். 3 முதல் 7 நாளில் தொடங்கி, உச்சத்துக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். ஐந்தாம் நாளே 'ஒன்றுமில்லை' என்று திரும்பி வந்து டாப்-அப் கேட்பது தவறு. அடிக்கடி, குறுகிய இடைவெளியில் போடுவதுதான் எதிர்ப்பொருளை வளர்க்கும். 12 வாரத்துக்கு முன் மறு ஊசி வேண்டாம். அடுத்த சந்தேகம் தசைத் தேர்வு, அதற்கடுத்து அளவு, பிறகு குப்பி வந்த வழி. எதிர்ப்புத்தன்மை கடைசியில்தான் வர வேண்டும். அதைச் சோதிக்க நெற்றியின் ஒரு பக்கத்தில் சிறு அளவு போட்டு, இரண்டு வாரம் கழித்துப் புருவத்தை உயர்த்தச் சொல்வார்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறினால் மருந்து உடம்பில் வேலை செய்யவில்லை என்று பொருள்.

மயஸ்தீனியா கிராவிஸ், லாம்பர்ட்-ஈட்டன், ஏஎல்எஸ் ஆகிய, தசை பலவீனம் தரும் நோய்கள் உள்ளவர்கள் அதைச் சொல்லாமல் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது. ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் இந்த மருந்தின் விளைவைக் கூட்டும். இடையில் வேறு காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அங்கும் சொல்லுங்கள். இரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டு வர வேண்டாம், பக்கவாத நோயாளிக்கு அது ஊசியைவிடப் பெரிய ஆபத்து. பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை ஊசி போட்ட இடத்துக்குத் தொலைவில் சில மணி நேரம் கழித்தும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். வந்தால் நேராக எமர்ஜென்சிக்கு.

வாங்கும்போது: குப்பியை உங்கள் கண் முன்னே திறக்கச் சொல்லுங்கள். லேபிளில் பிராண்ட், யூனிட், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி நான்கையும் போட்டோ எடுத்து, பில்லில் அதே பேட்ச் நம்பர் வாங்குங்கள். 2024இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸும் முறையற்ற இடங்களில் போட்ட ஊசியும் 11 மாநிலங்களில் 22 பேருக்குப் பாதிப்பைத் தந்தன, சிலர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது. வெளியில் வாங்கி வரச் சொன்னால் ஐஸ் பேக் வைத்த டப்பாவில், நேராக கிளினிக்குக்கு. ஆனால் குப்பி ஐஸில் நேரடியாகப் படக் கூடாது, நடுவில் ஒரு துணி வையுங்கள். இன்சூரன்ஸ் இருந்தால், ஊசித் தேதிக்கு முன்பே நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் குறிப்பிட்டு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 'போடாக்ஸ்' என்ற பெயரைப் பார்த்ததும் அழகு சிகிச்சை என்று தள்ளிவிடும் ஆபத்து உண்டு என்பதால், நரம்பியல் டாக்டரின் கடிதத்தில் நோய், தசை, யூனிட் மூன்றும் தெளிவாக இருக்கட்டும்.